சென்னையின் சிறு பங்க், ஹார்ட்கோர் குழுக்கள்: கேசட், நோட்டீஸ், புகைப்படம் எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள்

நாடாப்பேழை எழுதியது:

தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து 2010-கள் வரை சென்னையில் பங்க், ஹார்ட்கோர் வாசித்த சின்னச் சின்னக் குழுக்களின் ஒலிப்பதிவுகளையும் நோட்டீஸ்களையும் புகைப்படங்களையும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். அதற்காகவே இந்த இழை. ஐ.ஐ.டி.யின் சாரங் கலைவிழா மேடையில் ஏறியவர்களைப் பற்றியும் தொலைக்காட்சியில் வந்தவர்களைப் பற்றியும் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். பள்ளி அரங்கை ஒரு மாலை வாடகைக்குப் பிடித்து, ஏழெட்டுப் பாட்டு வாசித்து, வேலை கிடைத்ததும் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்துபோன குழுக்களைத்தான் நான் கேட்கிறேன்.

இந்த இசையோடு பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. பங்க் என்பது எளிய, வேகமான, சத்தமான ராக் இசை. 1976-இல் நியூயார்க்கின் ரமோன்ஸ் குழு வெளியிட்ட முதல் இசைத்தட்டில் 14 பாட்டுகள். முழுவதும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சில வருடங்களில் வாஷிங்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்திலும் இளைஞர்கள் அதை இன்னும் விரைவாக்கி, இன்னும் சுருக்கினார்கள். அதுதான் ஹார்ட்கோர். மைனர் த்ரெட் குழுவின் மிகப் பேசப்பட்ட பாட்டு வெறும் 46 விநாடி.

பாட்டைவிட அவர்கள் வேலை செய்த விதம்தான் என்னை இன்றும் அசைக்கிறது. 1980-இல் வாஷிங்டனின் டீன் ஐடில்ஸ் என்ற பள்ளி மாணவர் குழு கலைந்தபோது, நிகழ்ச்சிகளில் சேர்ந்த சுமார் 600 டாலர் கையில் இருந்தது. பங்கு போட்டுக்கொள்ளாமல் தங்கள் எட்டுப் பாட்டுகளை ஏழு அங்குல இசைத்தட்டாக 1,000 பிரதி அடித்தார்கள். கடையில் வாங்கிய ஒரு இசைத்தட்டின் உறையைப் பிரித்து, அது எப்படி மடிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அதே அளவில் அச்சிட்டு, கத்தரியால் வெட்டி, கையால் ஒட்டினார்கள். தட்டு வெளிவரும்போது குழுவே இல்லை. அப்படித் தொடங்கிய டிஸ்கார்ட் இசைத்தட்டு நிறுவனம் இன்றும் இருக்கிறது. அதே வட்டத்திலிருந்து வந்த ஃபுகாசி குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடத்தி, அவற்றில் 800-க்கும் மேற்பட்டவற்றைப் பதிவு செய்து வைத்து, 2011 முதல் இணையத்தில் வரிசையாக வெளியிட்டது. 2014-இல் வாஷிங்டன் பொது நூலகமே பங்க் இசைக்கென ஓர் ஆவணக் காப்பகம் தொடங்கியது. அங்கே கிழிந்த நோட்டீஸுக்கும் பட்டியல் எண் உண்டு.

நம் ஊர்க் குழுக்கள் பாட்டை எங்கே வைத்தன? பெரும்பாலோர் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் ஏற்றினார்கள். 2019 மார்ச்சில் அந்தத் தளம், சர்வர் மாற்றத்தின்போது 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டுகள் எல்லாம் அழிந்துவிட்டதாக அறிவித்தது. ஐந்து கோடிக்கும் மேல் என்று செய்தி வந்தது. அதில் சுமார் 4,90,000 பாட்டுகளை மட்டும் ஓர் ஆய்வுக் குழு முன்பே இறக்கி வைத்திருந்ததால் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் காப்பகம் காப்பாற்றியது. நிகழ்ச்சி அறிவிப்புகள் இருந்த ஆர்குட் சமூக வலைத்தளம் 2014 செப்டம்பரோடு மூடப்பட்டது. வீட்டில் வைத்திருந்தவர்களில் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டைத் தரைத்தளக்காரர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் இழந்தார்கள். மிச்சம் இருப்பவை பரணில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கின்றன.

என்ன இருந்தாலும் இங்கே எழுதுங்கள். குழுவின் பெயர் நினைவில் இல்லையென்றாலும் பரவாயில்லை.

மூன்றாம்தந்தி எழுதியது:

நல்ல காரியம். என்னிடம் ஒலிப்பதிவு எதுவும் இல்லை, நினைவுதான் இருக்கிறது. அதையும் எழுதி வைக்கலாம் என்றால் எழுதுகிறேன்.

நான் பேஸ் கிட்டார் வாசித்தேன். அடையாறு காந்தி நகரில் அன்வைண்ட் சென்டர் இருந்த காலம். அங்கே நடந்த நிகழ்ச்சிகள் இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு மேடையே கிடையாது. மெட்டல் குழுக்கள் அதிகம். ஒரு மாலையில் ஐந்து மெட்டல் குழு இருந்தால் அவற்றுக்கு நடுவே எங்களைப் போல ஒன்று இருக்கும். மெட்டல்காரர்களுக்கு எங்களைக் கண்டால் இளக்காரம். தனி வாசிப்பு இல்லை, நுணுக்கம் இல்லை, மூன்று விரல் வைக்கத் தெரிந்தால் போதும் என்பார்கள்.

அவர்களுக்கு அன்று சொல்ல முடியாமல் போன பதிலை இங்கே சொல்கிறேன். பங்க் கிட்டாரின் அடிப்படையான பவர் கார்டு என்ற ஸ்வரக் கூட்டில் இரண்டே ஸ்வரம்தான்: ஸ, ப. நம் ஊரில் எந்தப் பாட்டு வகுப்புக்கு வெளியே நின்றாலும் தம்பூராவில் கேட்பது அதே இரண்டு. காந்தாரம் இல்லாததால் அது மேற்கத்திய இசையின் மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. அதை ஏன் அப்படி வைத்தார்கள் என்பதற்குக் காரணம் டிஸ்டார்ஷன், அதாவது கிட்டார் ஒலியை வேண்டுமென்றே சிதைப்பது. ஸட்ஜமும் பஞ்சமமும் அதிர்வெண்ணில் 2-க்கு 3. ஒலியைச் சிதைக்கும்போது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமும் புதிய ஸ்வரமாக எழும். 3-இல் 2 போனால் 1. அது கீழ் ஸ்தாயி ஸட்ஜம். அதாவது யாரும் மீட்டாத ஒரு ஸ்வரம் அடியிலிருந்து ஒலிக்கும். அதே சிதைவில் காந்தாரத்தையும் சேர்த்து மீட்டிப் பாருங்கள், ஒன்றோடொன்று மோதி இரைச்சலாகிவிடும். குறைவாக வாசிப்பது அறியாமையால் அல்ல. அந்தக் கருவி கேட்கிற கணக்கு அது. ரமோன்ஸ் கிட்டாரிஸ்ட் முழுக்கச்சேரியும் கீழ்நோக்கிய மீட்டலிலேயே வாசிப்பார். மெட்டல் நண்பர்கள் அதை அந்த வேகத்தில் பத்து நிமிடம் செய்து பார்க்கட்டும், மணிக்கட்டு பதில் சொல்லும்.

எங்கள் டிரம்மர் சின்ன வயதில் மிருதங்கம் கற்றவர். இடது கை ஓயாது.

புளியந்தோப்பு எழுதியது:

தோழர்களே, மனம் புண்படுத்த எழுதவில்லை. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. நீங்கள் சொல்லும் குழுக்களில் எத்தனை பேர் தமிழில் பாடினார்கள்? எத்தனை பேர் பாலத்துக்கு இந்தப் பக்கம், வடசென்னைக்கு வந்து வாசித்தார்கள்? கிட்டார், ஆம்ப்ளிஃபையர், பெடல் எல்லாம் வாங்க வசதியிருந்த, ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகள் தங்களுக்குள் நடத்திக்கொண்ட கூட்டம் அது. அந்தப் பிள்ளைகளின் கேசட்டைக் காப்பாற்ற இவ்வளவு கவலை.

எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால் விடிய விடிய கானா பாடுவார்கள். இறந்தவரின் பெயர், தொழில், அவர் பிள்ளைகள், அவர் பட்ட பாடு எல்லாம் அந்த இரவிலேயே கட்டிப் பாடுவார்கள். தாளத்துக்கு எது கையில் கிடைத்தாலும் போதும். அந்தப் பாட்டை யார் பதிவு செய்தார்கள்? அதில் பாதி மறுநாள் காலையோடு போய்விட்டது. தானே கற்று, தானே கட்டி, கடன் வாங்காமல், எவர் அனுமதியும் கேட்காமல் பாடுவதுதான் பங்க் என்றால், அது எங்கள் பக்கத்தில் 1976-க்கு முன்பே இருக்கிறது.

நாடாப்பேழை எழுதியது:

தோழர், கேள்வி நியாயமானது. பதிலைச் சுற்றி வளைக்க மாட்டேன்: பெரும்பாலான குழுக்கள் ஆங்கிலத்தில்தான் பாடின. கருவி வாங்க வசதி வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

ஆனால் கானாவைப் பங்க் என்று அழைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. கானாவுக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. அதற்குச் சொந்த வரலாறு, சொந்த இலக்கணம், சொந்த ஆசான்கள் உண்டு. பதிவு செய்யப்படவில்லை என்ற உங்கள் கோபத்தோடு முழுதாகச் சேர்ந்துகொள்கிறேன். அந்தக் கோபத்தை வைத்து இன்னொன்றையும் அழியவிட வேண்டும் என்ற முடிவுக்கு மட்டும் வரமாட்டேன். இரண்டையும் சேகரிப்போம். நீங்கள் கானா பக்கம் பொறுப்பேற்றால், ஒலியை டிஜிட்டலாக மாற்றும் வேலையை நான் செய்து தருகிறேன். இதை மனதாரச் சொல்கிறேன்.

இரண்டும் ஒரே மேடையில் சந்தித்த இடமும் நம் ஊரில் இருக்கிறது. 2018 ஜனவரி 6-ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியபோது கானா பாடகர்களும் ராப் பாடகர்களும் ராக் வாசிப்பவர்களுமாக 19 பேர் நின்றார்கள். அயோத்திதாசர் சொன்ன சாதியற்ற தமிழர் என்பதிலிருந்து எடுத்த பெயர். இட ஒதுக்கீடு பற்றியும் மாட்டிறைச்சி பற்றியும் எலெக்ட்ரிக் கிட்டாரோடு சென்னைத் தமிழில் பாடினார்கள். சென்னையில் பங்க் என்ன செய்திருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் அந்த மாலையைத்தான் காட்டுவேன்.

புளியந்தோப்பு எழுதியது:

அந்த மாலை நான் அங்கே இருந்தேன். கானா பக்கம் ஆள் சேர்க்கிறேன். ஆனால் பட்டியலில் இரண்டும் தனித்தனித் தலைப்பில் இருக்க வேண்டும். ஒன்றின் அடியில் ஒன்று வேண்டாம்.

வல்லினம் எழுதியது:

மொழி பற்றிப் பேச்சு வந்ததால் எனக்கு நெடுநாளாக இருக்கும் ஓர் எண்ணம்.

தமிழில் ராக் எழுதினால் ஒட்டவில்லை என்று பலர் சொல்வார்கள். மெதுவான பாட்டுகளில் அது உண்மைதான். ஆங்கில மெட்டு அழுத்தத்தின் மேல் நிற்கிறது. அசையை எங்கே வேண்டுமானாலும் இழுக்கலாம். தமிழ் மாத்திரையின் மேல் நிற்கிறது. குறிலை இழுத்தால் ‘படம்’ ‘பாடம்’ ஆகிவிடும், ‘கல்’ ‘கால்’ ஆகிவிடும். ஆங்கில மெட்டில் தமிழைப் போட்டுப் பாடும்போது கேட்பவருக்கு உறுத்துவது இதுதான்.

ஹார்ட்கோரில் இழுப்பதற்கு இடமே இல்லை. குறில் குறிலாகவே விழும். அதோடு நம்மிடம் இரட்டிக்கும் வல்லினம் இருக்கிறது: வெட்டு, தப்பு, முற்று, கொத்து. ட்ட என்று சொல்லும்போது நாக்கு ஒரு கணம் மூச்சை அடைத்து, பிறகு விடுகிறது. அந்த அடைப்பு ஸ்னேர் டிரம்மின் அடிக்கு முந்தைய இடைவெளியிலும் வெடிப்பு அடியின் மேலும் விழுந்தால், குரலே இன்னொரு டிரம் ஆகிவிடுகிறது. திருப்புகழில் தத்தத்தன தத்தத்தன என்று ஓடும் சந்தத்தை நிமிடத்துக்கு 180 அடி வேகத்தில் சொல்லிப் பாருங்கள். டிரம்மர் பக்கத்தில் இருந்தால் தானாகச் சேர்ந்துகொள்வார்.

1970-இல் சென்னையில் கோபக்கார இளைஞர்கள் சிலர் சேர்ந்து ‘கசடதபற’ என்று பெயர் வைத்து, வல்லின மாத ஏடு என்று அட்டையில் போட்டுப் பத்திரிகை நடத்தினார்கள். அந்தத் தலைமுறையின் கையில் ஒரு ஆம்ப்ளிஃபையர் இருந்திருந்தால் என்று பல முறை நினைத்திருக்கிறேன்.

தமிழில் பாடிய குழுவின் பதிவு ஒன்றாவது இருந்தால் தயவுசெய்து யாராவது சொல்லுங்கள். ஆங்கிலப் பாட்டு நூறு கிடைத்தாலும் எனக்கு அந்த ஒன்றுதான் வேண்டும்.

தாம்பரம் லோக்கல் எழுதியது:

ஃபேன்ஸீன் என்று அமெரிக்கப் பங்க் ரசிகர்கள் தாங்களே அச்சடித்து நடத்திய பத்திரிகை நம் சிறுபத்திரிகைதானே? சி.சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ தொடங்கி, புத்தகக் கட்டைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். டிஸ்கார்ட்காரர்கள் உறை ஒட்டியதைக் கேட்டபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது. கடைக்காரர் எடுத்துக்கொள்ள மாட்டார் என்றால் நாமே சுமப்போம் என்ற பிடிவாதம். நமக்குப் புதிதாக எவரிடமும் கற்க வேண்டியதில்லை. இலக்கியத்தில் செய்ததை இசையில் செய்யவில்லை, அவ்வளவுதான்.

எல்லியட்ஸ் காற்று எழுதியது:

இந்த இழையில் இதுவரை பேசியவர்கள் எல்லோரும் வாசித்தவர்களையே பேசுகிறீர்கள். நான் வாசித்தவள் இல்லை. படம் எடுத்தவள்.

பெண்கள் நாலைந்து பேர்தான் வருவோம். கூட்டம் ஒருவரையொருவர் இடித்து ஆடத் தொடங்கியதும் நாங்கள் சுவரோடு சுவராக ஒதுங்கிவிடுவோம். ஆடுவது யாரையும் அடிப்பதற்காக அல்ல என்று பையன்கள் விளக்கம் சொல்வார்கள். ஆனால் அந்த வளையத்துக்குள் போய் வந்த தோழிக்கு முழங்கையால் இடி விழுந்து உதடு கிழிந்தது. பாட்டு நிற்கவில்லை. வாஷிங்டனிலும் இதே கதைதான். அங்கே ஃபுகாசி குழு, முன்வரிசையில் பிறரை இடிப்பவர்களைப் பார்த்தால் பாட்டை நிறுத்திவிட்டு, நேராகப் பேசி, தேவையானால் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பியது. நிகழ்ச்சிக்கு ஐந்து டாலர்தான். வயது வரம்பு கிடையாது. இப்படி ஒரு ஒழுங்கு வைத்தால்தான் எல்லோரும் வர முடியும் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. நம் குழுக்களுக்கு அது தோன்றவில்லை. சேகரிக்கும்போது இதையும் எழுதி வையுங்கள். நல்லதை மட்டும் எழுதினால் அது ஆவணம் ஆகாது.

என்னிடம் நெகட்டிவ் இருக்கிறது. 400 ஐ.எஸ்.ஓ. கறுப்பு வெள்ளைச் சுருள்கள். ஃபிளாஷ் போட மாட்டேன். பாடுபவரின் கண்ணில் அடிக்கும், அறையும் வெளிறிவிடும். ஷட்டரை 30-இல் ஒன்று விநாடி வைத்துச் சுவரில் சாய்ந்து மூச்சைப் பிடித்து எடுப்பேன். அதனால் டிரம்மரின் கை புகைபோலத்தான் இருக்கும்; ஆனால் முன்னால் நிற்பவர்களின் முகம் தெரியும். ஒரு படத்தில் ஆம்ப்ளிஃபையரின் மேல் ஒரு டிபன் பாக்ஸ் இருக்கிறது; ஒயர் கழன்றுவிடாமல் இருக்க அதன் அடியில் கொடுத்து அழுத்தி வைத்திருக்கிறார்கள். பின்சுவரில் அந்தப் பள்ளியின் திருக்குறள் பலகை. யாருடைய குழு என்று படத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

நாடாப்பேழை எழுதியது:

அக்கா, உங்கள் நெகட்டிவ்கள் இந்த முயற்சியின் முதுகெலும்பு. ஒலி போனாலும் அதில் யார் வந்தார்கள், எங்கே நின்றார்கள் என்பது இருக்கிறது. கைபடாமல் ஓரத்தைப் பிடித்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து அமிலமில்லாத காகித உறைக்கு மாற்றி வையுங்கள். ஸ்கேன் செய்யும் ஏற்பாட்டை நான் பார்க்கிறேன். முழங்கைச் சம்பவத்தை உங்கள் சொற்களிலேயே எழுதித் தாருங்கள்; ஒரு வரியும் குறைக்காமல் வைப்போம்.

மந்தைவெளி எழுதியது:

எனக்கு இந்த இழையின் நோக்கமே உடன்பாடு இல்லை. இந்த இசை அன்றைய இரவுக்காக உண்டானது. அது முடிந்துவிட்டது. அதைப் பெட்டியில் போட்டுப் பட்டியல் எண் ஒட்டுவது, அது எதை எதிர்த்ததோ அந்த இடத்துக்கே அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. நாற்பதைத் தாண்டியவர்கள் தங்கள் இளமையைத் துடைத்து வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். இருபது வயதுக்காரன் புதிதாக ஒன்று செய்யட்டும். பழைய கேசட் அவனுக்கு எதற்கு?

வல்லினம் எழுதியது:

எதற்கு என்றால், முன்பு ஒருவர் தமிழில் முயன்று எங்கே தடுமாறினார் என்று அவன் கேட்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு தலைமுறையும் முதல் படியிலேயே நிற்கும். மும்பையில் ஸ்க்ரைப் குழு ஹார்ட்கோரில் உள்ளூர்க் கிண்டலையும் சினிமாவையும் கலந்து பாடியது. ரயட் பெட்லர்ஸ் நேரடியான பங்க் வாசித்தது. அவர்களின் பதிவுகள் கிடைப்பதால்தான் இன்றைக்கு அங்கே வரும் பிள்ளைகளுக்கு ஒரு தொடக்கப்புள்ளி இருக்கிறது. நம் ஊரில் ஸ்க்ராட் போன்ற கராஜ் ராக் குழுவின் பாட்டுகள் கிடைக்கின்றன. அதற்குக் கீழே இருந்த அடுக்கு முழுவதும் வெற்றிடம்.

நாடாப்பேழை எழுதியது:

மந்தைவெளி நண்பருக்கு: கோட்டையூர் ரோஜா முத்தையா திருமண அழைப்பிதழையும் நாடக நோட்டீஸையும் சேர்த்து வைத்தபோது அவற்றை மதித்தவர்கள் சிலரே. அந்த நோட்டீஸை அச்சிட்டவரும் அன்றைய இரவுக்காகத்தான் அச்சிட்டார். அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பை வைத்து 1994-இல் நூலகம் உருவானது. இன்று தரமணியில் போய்ப் பார்க்கலாம். எந்த ஊரில் எந்த நாடகம் என்ன டிக்கெட் விலையில் நடந்தது என்று இன்றைக்கு ஓர் ஆய்வாளர் எழுத முடிவதற்கு அப்படிப்பட்ட காகிதம்தான் காரணம். நாடகம் அதனால் செத்துப்போகவில்லை. எதைக் காப்பது என்பதை அதிகாரத்தில் இருப்பவர்களிடம் விட்டுவிட்டால் அவர்கள் யாருடையதைக் காப்பார்கள் என்று நமக்குத் தெரியும். அதனால் நாமே செய்வோம்.

கொளத்தூர் 99 எழுதியது:

என்னிடம் மூன்று கேசட் இருக்கிறது. என் அண்ணன் வைத்துவிட்டுப் போனது. இரண்டில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறது. ஒன்றில் உள்ளே இருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்துவிட்டது. போட்டுப் பார்க்கலாமா?

ரிச்சி தெரு எழுதியது:

தம்பி, போட வேண்டாம். வெள்ளைப் பொடி பூஞ்சை. அதை ஓட்டினால் டேப் ரெக்கார்டரின் தலையில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். நாடாவை முன்னும் பின்னுமாகச் சுற்றவும் வேண்டாம்.

முதலில் காய வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கேசட்டை வைத்து, மூடி ஒரு வாரத்துக்கு மேல் விடுங்கள். வெயிலில் வைக்கக் கூடாது, உறை வளைந்துவிடும். பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு திறந்த இடத்தில் வேலை செய்யுங்கள். மூலைகளில் நான்கும் நடுவில் ஒன்றுமாக ஐந்து திருகு இருக்கும் வகை என்றால் உறையைத் திறக்கலாம். ஒட்டிய வகை என்றால் எங்களைப் போன்றவரிடம் கொடுங்கள். சுருளை எடுத்து, ஓரத்தை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துப் புதிய உறைக்கு மாற்ற வேண்டும். விழுந்துபோன பஞ்சுத் துண்டு நாடாவைத் தலையோடு அழுத்துவதற்கானது. வேறு ஏதாவது பழைய கேசட்டின் உறைக்கே நாடாவை மாற்றிவிட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

ஓட்டும் கேசட் டெக் முக்கியம். பெல்ட் தளர்ந்திருந்தால் சுருதி ஆடும், மாற்றிவிடுங்கள், மலிவானதுதான். தலையையும் ரோலர் பாதையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். அதன்பிறகு அசிமுத் திருகு, அதாவது தலையின் சாய்வைச் சரிசெய்யும் திருகு. தலைக்குப் பக்கத்தில் இருக்கும். பதிவு செய்த டெக்கின் தலை சற்றுச் சாய்ந்திருந்தால் நம் டெக்கில் சிம்பல் என்ற டிரம்ஸ் தட்டின் ஒலி கம்பளியால் மூடியதுபோல் மங்கிவரும். பாட்டு ஓடும்போதே திருகை மயிரிழை அளவு திருப்பினால் சிம்பல் சட்டென்று திறந்துகொள்ளும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இது மாறும்.

பதிவை 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். இரைச்சல் நீக்கம், ஒலி கூட்டல் எதையும் மூலக் கோப்பில் செய்யாதீர்கள். பாட்டுக்கு முன்னும் பின்னும் வரும் பேச்சை வெட்டாதீர்கள். யார், எங்கே என்பது அந்தப் பேச்சில்தான் இருக்கும்.

கொளத்தூர் 99 எழுதியது:

நன்றி அண்ணா. ஒன்று மட்டும் சுத்தமாக இருக்கிறது. அதை அப்பாவின் பழைய டெக்கில் ஓட்டிவிட்டேன். பாட்டு தொடங்கும் முன் ஒருவர் ‘மூணு, ரெண்டு, ஒண்ணு’ என்று எண்ணுகிறார். பிறகு தமிழில்தான் கத்துகிறார். சொல் பாதி புரியவில்லை. ‘தண்ணி லாரி’ என்று திரும்பத் திரும்ப வருகிறது. மொத்தம் ஒரு நிமிடம் கூட இல்லை.

வல்லினம் எழுதியது:

எதையும் தொடாதீர்கள். எங்கே இருக்கிறீர்கள்? நாளைக்கே வருகிறேன்.

பெயர் வேண்டாம் எழுதியது:

இந்த இழையைச் சில நாட்களாகப் படிக்கிறேன். தண்ணீர் லாரிப் பாட்டு எங்களுடையது. எழுதியது நான்.

2003, 2004-இல் வீராணம் குழாய் வருவதற்கு முன், தெருவில் லாரி நின்றால் குடத்தோடு அம்மாக்கள் ஓடுவார்கள். வரிசையில் முந்தி நின்றதற்காக என் அம்மாவை ஒருவர் தள்ளிவிட்டார். அன்று மாலை எழுதியது. அதுவரை நாங்களும் ஆங்கிலத்தில்தான் எழுதினோம். அம்மா விழுந்ததை ஆங்கிலத்தில் எழுத வரவில்லை.

இப்போது வேறு வாழ்க்கையில் இருக்கிறேன். பாட்டை வையுங்கள், எனக்குச் சந்தோஷம்தான். பெயரும் படமும் வேண்டாம். டிரம்மரின் குடும்பத்தைக் கேட்காமல் அவர் பெயரையும் போட வேண்டாம்; அவர் இப்போது இல்லை. வேறு இரண்டு பாட்டில் சில வசைகள் இருக்கின்றன, பெண்களைப் பற்றி. இன்று அவற்றை நான் பாடமாட்டேன். அழிக்கச் சொல்லவும் மாட்டேன். ‘எல்லியட்ஸ் காற்று’ எழுதியதோடு சேர்த்து வையுங்கள்.

எல்லியட்ஸ் காற்று எழுதியது:

திருக்குறள் பலகைப் படத்தில் இருப்பது நீங்கள்தான் என்று நினைக்கிறேன். முகத்தை மறைத்துவிடுகிறேன். ஒரு பிரதி உங்களுக்குத் தனியாக அனுப்பட்டுமா?

பெயர் வேண்டாம் எழுதியது:

அனுப்புங்கள்.

கிண்டி முதலாண்டு எழுதியது:

எனக்கு 18 வயது. நாங்கள் நான்கு பேர் வாசிக்கிறோம். பாட்டு இருக்கிறது, இடம்தான் இல்லை. மதுக்கூடங்களில் எங்களை உள்ளே விடமாட்டார்கள். விட்டாலும் சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்வார்கள். நீங்கள் எல்லோரும் எப்படிச் செய்தீர்கள்?

மூன்றாம்தந்தி எழுதியது:

தம்பி, மதுக்கூடத்தை மறந்துவிடு. வாஷிங்டனிலும் இதே சிக்கல்தான். டீன் ஐடில்ஸ் பையன்கள் சான் பிரான்சிஸ்கோவில் வாசிக்கப் போனபோது, மது வாங்கக் கூடாத வயதினர் என்று தெரிய அவர்கள் கையில் பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள். ஊர் திரும்பியதும் அந்த யோசனையைத் தங்கள் ஊர் கிளப்பிடம் சொல்லி, எல்லா வயதினரும் வரும்படி செய்துகொண்டார்கள். நம் ஊரில் அதைவிட எளிது: மது இல்லாத இடத்தைப் பிடி. பள்ளி அரங்கு, தேவாலய அரங்கு, குடியிருப்புச் சங்கத்தின் கூடம். மூடிய அரங்காக இருக்கட்டும். வெளியில் ஒலிபெருக்கி வைத்தால் இரவு 10 மணிக்கு மேல் சட்டப்படி கூடாது. மாலை 4 மணிக்குத் தொடங்கி 7-க்கு முடித்துவிடு. கடைசி பஸ் பற்றிப் பெண் பிள்ளைகளின் வீட்டில் சண்டை வராது. அரங்குக்காரரிடம் ‘ராக் கச்சேரி’ என்று மட்டும் சொல்லாமல், எவ்வளவு சத்தம் என்று முன்கூட்டியே ஒரு பாட்டு வாசித்துக் காட்டு. அடுத்த முறையும் அதே இடம் கிடைக்கும். டிரம்ஸை ஒரு குழு கொண்டுவந்து எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள். டிக்கெட் ஒரு சினிமா டிக்கெட்டைத் தாண்டக் கூடாது.

நிகழ்ச்சியைப் பதிவு செய். செல்பேசியை அறையின் நடுவில், மார்பு உயரத்தில் வை. ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் எல்லாம் உடைந்து கேட்கும்.

நாடாப்பேழை எழுதியது:

இதுவரை வந்ததை வைத்து ஓர் ஏற்பாடு. ஒலிப்பதிவின் உரிமை நம் நாட்டில் வெளியீட்டுக்குப் பிறகு 60 ஆண்டு நீடிக்கும். அதனால் வாசித்தவர்களின் சம்மதம் இல்லாமல் எதையும் பொதுவில் ஏற்றமாட்டோம். ஆளைத் தேடிப் பிடிக்க முடியாதவற்றை மூன்று இடங்களில் பிரதி எடுத்துப் பாதுகாப்போம். பட்டியலில் விவரம் மட்டும் வரும். மூன்றில் ஒன்று சென்னைக்கு வெளியே இருக்க வேண்டும், 2015-ஐ நாம் பார்த்தவர்கள். கானாவுக்குத் தனித் தலைப்பு, புளியந்தோப்புத் தோழர் பொறுப்பு.

ரிச்சி தெரு அண்ணன் இந்த ஞாயிறு காலை 10 மணி முதல் டெக்கோடு உட்காரச் சம்மதித்திருக்கிறார். கேசட் வைத்திருப்பவர்கள் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், முகவரி தருகிறேன். நாடாவைச் சுற்றாமல், எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே கொண்டுவாருங்கள். உறையின் மேல் பேனாவால் எழுதியது அழிந்திருந்தாலும் துடைக்க வேண்டாம். கிண்டித் தம்பி, உங்கள் நான்கு பேருக்கும் அன்று வேலை இருக்கிறது. சிம்பல் திறந்துகொள்ளும் இடத்தைக் காது கொடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

கிண்டி முதலாண்டு எழுதியது:

வருகிறோம். டிரம்மருக்கு ஞாயிறு 12 மணிக்கு டியூஷன் இருக்கிறது, அதுவரை இருப்பான்.